இறக்கிய சுருதி

ஜனவரி 6, திங்கள்

பாஸ்டன் வந்து சேர்ந்தாயிற்று. வெளியே பனி கொட்டுகிறது. வீட்டுக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்றால் சுடுகிறது, இரண்டடி தள்ளினால் பல் கிட்டுகிறது. நாடகக் கம்பெனி கொடுக்கிற வீடு வேறு எப்படி இருக்கும்? இரண்டு அறை. ஜன்னல் வைத்த அறையை நான் எடுத்துக்கொண்டேன். தம்பி எபிக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வந்துவிடும்.

இருபது வருஷமாக அமெரிக்காவில் ஆப்பரா பாடுகிறேன். வேலைக்காரி, கன்னியாஸ்திரி, கதாநாயகியின் தோழி என்று எல்லா வேஷமும் கட்டியாயிற்று. கதாநாயகியாக நின்ற ஊர்களின் பெயரைச் சொன்னால் அமெரிக்கர்களுக்கே தெரியாது. அங்கேயும் மூன்றாம் அங்கத்தில் இருமி இருமிச் சாகிறவள்தான். இப்போது நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக என் குரலுக்கென்றே ஒரு பாத்திரம் எழுதியிருக்கிறார்கள். ஆப்பரா இல்லை, மியூசிக்கல். மைக் மாட்டிக்கொண்டு பாட வேண்டும், வசனம் பேச வேண்டும், கொஞ்சம் ஆடவும் வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் விடுதி நடத்தும் மார்த்தா என்ற விதவை நான். இங்கே ஒரு மாதம் ஒத்திகை, மூன்று வாரம் காட்சி. நன்றாகப் போனால் வசந்தத்தில் நியூயார்க், பிராட்வே மேடை.

பாளையங்கோட்டை ஜெமிமா ஞானமுத்து, பிராட்வேயில். எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும், எழுதியாயிற்று.

ஒத்திகைக்கு பியானோ என் தம்பி எபனேசர்தான். அவன் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். எனக்கு அவன் வாசித்தால்தான் மூச்சு சரியாக வரும். அவனிடம் கேட்டீர்களா என்று ஏஜென்ட் கேட்டார். தம்பியிடம் என்னத்தைக் கேட்பது!

ஜனவரி 8, புதன்

இன்று ஜன்னல் பாட்டு பாடினேன். நாடகத்தின் உயிரே அதுதான். முதல் நான்கு வரி வாத்தியமே இல்லாமல் மார்த்தா ஜன்னலில் நின்று தனியாகப் பாடுவாள். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா வந்து சேரும். கடைசியில் ஒரு உச்சஸ்தாயி, மூச்சு இருக்கும்வரை நீட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். இயக்குநர் டெனிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்குட்டை தேடினாள்.

கண்ணைத் துடைத்த கையோடு, "ஜெமிமா, வாரத்துக்கு எட்டுக் காட்சி. உங்க குரல் தாங்கிடும்ல?" என்றாள். ஆப்பராவில் ஒரு நாள் பாடினால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருப்போம். அதை இவர்களிடம் சொல்வார்களா யாராவது? "அதெல்லாம் தாங்கும்" என்றேன்.

டெனிஸிடம் எபியை அறிமுகப்படுத்தினேன். "இது என் தம்பி. என் பியானோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எபி காப்பி வாங்கி வருகிறேன் என்று போனவன், இடைவேளை முடிந்துதான் வந்தான். எனக்குக் காப்பி வாங்கிவர மறந்துவிட்டான், மறதிக்காரப் பயல்.

ஜனவரி 13, திங்கள்

தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் குட் மார்னிங் சொன்னால் தவளை சத்தம் வருகிறது. பயந்து நடுங்கிவிட்டேன். எபிதான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தான்.

"எக்கா, இந்த வாரம் முழுக்க மார்க் பண்ணு. முழுக் குரல எடுக்காத."

"டெனிஸ் என்னமும் நெனப்பாளால?"

"அவட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ ரசத்தக் குடி."

மார்க்கிங் என்றால் வேறொன்றும் இல்லை. ஒத்திகையில் குரலைச் செலவழிக்காமல், முணுமுணுப்பாக, உச்சத்துக்குப் போகாமல் கீழேயே பாடிவிட்டுப் போவது. ஆப்பராவில் எல்லோரும் செய்வதுதான். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டரே செய்யச் சொல்வார். இந்த மைக் மாட்டிப் பாடுகிறவர்களுக்கு அது தெரியுமோ என்னமோ. எபி சொல்லிவிடுவான்.

ஜனவரி 14, செவ்வாய்

மார்க் பண்ணினேன். டெனிஸ் எதுவும் கேட்கவில்லை. எபி சொல்லிவிட்டானாம்.

ஜனவரி 17, வெள்ளி

தொண்டை சரியாகிவிட்டது. குளியலறையில் உச்சத்தைத் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. எபியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் முகமே சரியில்லை.

"அவசரப்படாதக்கா. திரும்பக் கட்டிக்கிட்டுன்னா காட்சிக்கு என்ன செய்வ? இன்னும் ஒரு வாரம் பொறு. நான் வேணும்னா சுருதிய ரெண்டு படி எறக்கி வாசிக்கேன். நீ சும்மா பேசுத மாதிரி பாடிட்டுப் போ."

அப்படியே செய்தோம். எந்தப் பாட்டையும் நின்ற நிலையில் எந்தச் சுருதிக்கும் மாற்றி வாசிப்பான் என் தம்பி. ஊர் கோயிலில் பன்னிரண்டு வயதில் ஆர்கன் வாசிக்கும்போதே அப்படித்தான். அந்தக் கீழ்ச்சுருதியில் ஜன்னல் பாட்டு ஜன்னல் பாட்டாகவே இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆனால் டெனிஸ் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். பக்கத்தில் தயாரிப்பாளர்கள் இரண்டு பேர். முடிந்ததும் டெனிஸ் வந்து என் முழங்கையைத் தொட்டு, "இப்ப எப்படி இருக்கீங்க ஜெமிமா?" என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்கிற குரல். சாதாரணச் சளிக்கு இவ்வளவு கரிசனமா! நல்லவள்தான், பாவம்.

துணி துவைக்க வேண்டும். நாளைக்கு.

ஜனவரி 19, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை, பனி. அம்மாவோடு போனில் பேசினேன்.

"ஏட்டி ஜெமி, எபி கண்டக்டராயிட்டானாமே? பக்கத்து வீட்டு ரோஸ்லின்ட்ட சொன்னேன். எந்த ரூட்டுலன்னு கேக்கா, கூறுகெட்டவ."

சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. "இன்னும் ஆகலம்மா. அவன் ஒத்திகைக்குத்தான் வாசிக்கான். கண்டக்டர் வேற ஆளு" என்றேன்.

"இல்லட்டி. நியூயார்க்குல அவன்தானாம். வீடுகூடப் பாத்துட்டேம்னு சொன்னான். ஒரு ரூம்பு போதும், வாடக ஜாஸ்தின்னான். அப்போ நீ எங்க தங்குவ?"

அம்மாவுக்கு இந்த வயதில் எல்லாம் குழம்புகிறது. எபியிடம் கேட்டேன். "சும்மா, ஆசைக்குச் சொன்னேன்க்கா" என்று சொல்லிவிட்டு இட்லி மாவைக் கலக்கிக்கொண்டே இருந்தான். எனக்குத் தெரியாமல் ஏதோ நல்ல செய்தி வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எதையாவது ஒளித்துவைத்துத் திடீரென்று நீட்டுவான்.

ஜனவரி 21, செவ்வாய்

ஒத்திகை முடிந்து வரும்போது ஸ்கார்ஃபை மறந்துவிட்டேன் என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போனேன். ஒத்திகை அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே எபி வாசித்துக்கொண்டிருந்தான். ஆயிரம் பேர் வாசித்தாலும் அவன் கையை நான் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு பெண் ஜன்னல் பாட்டைப் பாடினாள், அந்த இறக்கிய சுருதியில். தடித்த, கரகரத்த குரல்.

நான் கதவைத் தட்டியதும் எபி பாதிக் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றான்.

"யாருல அது?"

"அண்டர்ஸ்டடிக்கா. அவளும் படிக்கணும்லா?"

அண்டர்ஸ்டடி என்றால் எனக்கு முடியாமல் போனால் பாட வைத்திருக்கிற மாற்று ஆள். மேகன் என்று ஒரு சின்னப் பெண். வழக்கமாகக் குருவி மாதிரி கீச்சுக்கீச்சென்று பாடுவாள். அவளுக்கும் சளி போல, குரல் இப்படித் தடித்துப்போய்விட்டது. நாளைக்கு அவளுக்கும் ரசம் கொடுத்து அனுப்ப வேண்டும். ஸ்கார்ஃபை எபியே எடுத்துக் கொடுத்தான். உள்ளே போக விடவில்லை.

ஜனவரி 22, புதன்

வாஷிங் மெஷின் தண்ணீர் கக்குகிறது. வீட்டுக்காரனுக்குப் போன் செய்து கத்தினேன். மேகனுக்கு ரசம் கொடுத்தேன். தனக்குச் சளியே பிடிக்கவில்லையே என்றாள். ஆனாலும் குடித்தாள்.

ஜனவரி 24, வெள்ளி



இன்று ஆர்க்கெஸ்ட்ராவோடு முதல் நாள். நடிப்பெல்லாம் கிடையாது, நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட்டை மட்டும் அவர்களோடு பாடிப் பார்க்கும் நாள். இரண்டு வாரமாக அடக்கிவைத்திருந்த குரலை இன்றைக்குத் திறந்துவிடலாம் என்று காலையிலேயே குதியாட்டமாகப் போனேன்.

ஜன்னல் பாட்டு வந்தது. நான் தனியாகத் தொடங்குவதற்கு ஓபோ என்ற குழலை வாசிப்பவள் எனக்குச் சுருதி ஊதிக் கொடுக்க வேண்டும். ஊதினாள். கீழே ஊதினாள்.

"சுருதி தப்பு" என்றேன் சிரித்துக்கொண்டே. அவள் தன் காகிதத்தைப் பார்த்தாள். திரும்ப அதையே ஊதினாள். "எனக்கு இப்படித்தான் அச்சாகியிருக்கு" என்றாள் மெல்ல. வயலின்காரரின் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். அதுவும் இரண்டு படி கீழே. செல்லோவும் அப்படித்தான். புத்தம்புதுக் காகிதம், மையின் வாசனைகூடப் போகவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயலின்காரர் தன் ஷூவைப் பார்த்தார்.

இவ்வளவு பேருக்கும் சுருதி மாற்றி எழுதி, சரிபார்த்து, அச்சடிக்கக் குறைந்தது ஒரு வாரம் வேண்டும். அப்படியென்றால் நான் ரசம் குடித்துக்கொண்டிருந்தபோதே வேலை தொடங்கிவிட்டது. அது மேகன் இல்லை. ஜெமிமா, முட்டாளே, கதவுக்குப் பின்னால் பாடியது மேகன் இல்லை.

எபி பியானோவில் உட்கார்ந்திருந்தான். கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டெனிஸ் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். டிவியில் துப்பறிகிற தொடரில் வருவாளே லோர்னா ஃபே, அன்று பாடியவள் அவள்தானாம், நியூயார்க்கில் மார்த்தாவும் அவள்தானாம். ஒப்பந்தம் போட்டாயிற்றாம். பாஸ்டனில் மட்டும் நான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ஜெமிமா. ஆனா உங்க குரல் மேல போகலியே."

"நான் மார்க் பண்ணிட்டு இருந்தேன்!"

"அப்படின்னா?"

அப்படின்னாவாம்! எனக்கு அங்கேயே தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"எபிகிட்டதான் கேட்டோம். இதான் அவங்க குரலா, எட்டுக் காட்சி தாங்குமான்னு. உங்க தம்பிதானே, அவருக்குத் தெரியாதான்னு நெனச்சோம்."

"என்ன சொன்னான்?"

"சந்தேகம்தான்னு சொன்னார்."

ஜனவரி 25, சனி

நேற்று மீதியை எழுத முடியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது எபி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"டெனிஸ்ட்ட சொல்லிக்கிடுதேன்னியேல. சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"மொத நாளு மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்க்கா. மறுநாளு அவங்களே வந்து கேட்டாங்க. இதான் அவங்க குரலான்னு. அப்பயும் சொல்லிருக்கலாம்." அடுப்பை அணைத்தான். "சொல்லல."

"சுருதிய எறக்குனது அவளுக்காகவா?"

"மொதல்ல ஒனக்காகத்தான். அந்தச் சுருதில கேட்டதும் அவங்களுக்கு லோர்னா ஞாபகம் வந்துட்டு. அதுக்கப்புறம் அவளுக்காக."

எல்லாக் காகிதத்தையும் மாற்றி எழுதினது அவன்தான். என் வீட்டில், அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருக்கிறான். கண்டக்டர் வேலையும், பாஸ்டனிலிருந்தே, அவனுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அக்கா வராவிட்டாலும் இருப்பீர்களா என்று கேட்டார்களாம். இருப்பேன் என்றானாம்.

"ஏல, ஒனக்குக் கண்டக்டர் ஆவணும்னா என்ட்ட ஒரு வார்த்த கேட்டா நான் வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"அதான்க்கா" என்றான். "ஒன்ட்டக் கேட்டுத்தான் வாங்கணும். எனக்கு நாப்பத்திமூணு வயசு. இந்த ஊர்ல எவனுக்காவது எம் பேரு தெரியுமா? ஜெமிமா தம்பி. ஜெமிமா பியானோ."

"அதுக்கு எங் கழுத்த அறுப்பியா?"

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அவன் சொன்னதற்கு எனக்குப் பதில் உண்டு. நூறு பதில் உண்டு. விசா வாங்கிக் கொடுத்தது யார், காலேஜில் இடம் பிடித்துக் கொடுத்தது யார், மேடை மேடையாகக் கூட்டிக்கொண்டு போனது யார்? ஆனால் அப்போது அழுகைதான் வந்தது. பாவிப்பயல். வெளியாள் செய்திருந்தால் வழக்குப் போட்டிருப்பேன், திட்டியிருப்பேன், மறந்திருப்பேன். இவனை என்ன செய்வது?

ஜனவரி 28, செவ்வாய்

ஒரே வீடு. பேச்சு இல்லை. அடுப்பில் ரசம் வைத்து மூடியிருந்தான். தொட்டிக்குள் ஊற்றினேன்.

ஜனவரி 30, வியாழன்

அம்மா போன் செய்தாள். எபி அழுதானாம்.

"தம்பிதானட்டி. அவனும் பொழைக்கணும்லா. நீ பெரியவ, விட்டுக் குடுத்துப் போ."

அவன் அழுதது மட்டும் பாளையங்கோட்டை வரைக்கும் கேட்டுவிட்டது. நான் பத்து நாள் ஏமாந்து ரசம் குடித்தது கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன். அம்மாவிடம் அப்படி வைப்பது இதுதான் முதல் தடவை.

விலகிவிடலாம் என்று நினைத்தேன். விலகினால் குரல் போனதால் விலகினாள் என்பார்கள். அந்தப் பேச்சு எல்லா ஊருக்கும் போய்விடும், ஆப்பராக்காரர்களும் பிறகு கூப்பிடமாட்டார்கள். பாடித்தான் ஆக வேண்டும், லோர்னாவுக்காக அச்சடித்த அந்தக் கீழ்ச்சுருதியிலேயே; இனி மாற்ற நேரமில்லை என்றுவிட்டாள் டெனிஸ்.

பிப்ரவரி 1, சனி

முதல் காட்சி முடிந்தது.

எபிதான் கண்டக்டர். பியானோவில் உட்கார்ந்தபடியே நடத்துகிறான். கறுப்புக் கோட்டு நன்றாகப் பொருந்தியிருந்தது, அதை நான் கவனித்திருக்க வேண்டாம்.

ஜன்னல் பாட்டு வரும்வரை நான் ஒன்றும் திட்டம் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. ஜன்னலில் போய் நின்றேன். ஓபோ கீழ்ச்சுருதியை ஊதியது. என் பாட்டை எனக்கே இரவல் கொடுக்கிறாள் என்று தோன்றியது. அவள் ஊதியதை விட்டுவிட்டு, இரண்டு படி மேலே, என் சுருதியில் எடுத்தேன்.

முதல் நான்கு வரிக்கு வாத்தியம் கிடையாது. ஆகவே யாராலும் தடுக்க முடியாது. ஆனால் ஐந்தாம் வரியில் ஆர்க்கெஸ்ட்ரா வர வேண்டும், அவர்களிடம் இருப்பதோ வேறு சுருதிக் காகிதம். சேர்ந்தால் சந்தைக்கடைதான். இரண்டாம் வரியிலேயே, மேடைக்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ரா உட்காரும் குழிக்குள் தலைகள் அசைவது தெரிந்தது. எபி என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். நான் பாடுவதை நிறுத்தவில்லை.

ஐந்தாம் வரியில் அவன் இடது கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான். வலது கையைக் கட்டைகளில் வைத்தான். பியானோ மட்டும், தனியாக, என் சுருதியில் வந்தது. நான் மூச்சு எடுக்குமிடத்தில் காத்திருந்தான், நான் நீட்டியதை எல்லாம் நீட்ட விட்டான். உச்சத்தைத் தொட்டு மூச்சு இருக்கும்வரை பிடித்தேன். கொட்டகை முழுக்க எழுந்து நின்றது.

எவ்வளவு அழகாக வாசித்தான் தெரியுமா! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மோசமாக வாசித்திருந்தால் இப்போது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முடிந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றான். "எக்கா, நல்லாப் பாடுன" என்றான். கண் சிவந்திருந்தது. முதல் தடவையாக அவனிடம் பொய் சொன்னேன். தலை வலிக்கிறது, பிறகு பேசலாம் என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பத்திரிகைகள் ஜன்னல் பாட்டைப் பற்றியே எழுதியிருக்கின்றன. டெனிஸ் காலையில் கூப்பிட்டாள். தயாரிப்பாளர் ஒருவரும் இருந்தார். திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். காப்பி கொடுத்தார்கள்.

லோர்னாவுக்கு மதியக் காட்சிகள் பாட விருப்பமில்லையாம். நியூயார்க்கில் வாரத்துக்கு இரண்டு மதியம் நான் மார்த்தா. என் சுருதியில். அதற்கென்று தனியாகக் காகிதம் எழுதிவிடலாமாம்.

"எபியோட யோசனைதான் இது" என்றாள் டெனிஸ். "உங்களுக்காக ரொம்பப் போராடினார். நேத்துப் பூரா என்கூட உக்காந்து பேசினார்."

நான் கனவு கண்டது எட்டு. தட்டில் விழுந்தது இரண்டு. அதுவும் அவன் போட்டது. வேண்டாம் என்று தூக்கி எறிய நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எறிந்திருந்தால் ரோஷக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஏதோ ஒரு ஊரில் இருமிச் செத்துக்கொண்டிருக்கலாம். எனக்குப் பாட வேண்டும். அவ்வளவுதான்.

"சரி, பாடறேன். ஒரு நிபந்தனை. அந்த ரெண்டு காட்சிக்கும் எபி குழிக்குள்ள இருக்கக் கூடாது. ஒத்திகைக்கும் வரக் கூடாது."

டெனிஸுக்குப் புரியவில்லை. "சனிக்கிழமை அவர் இல்லேன்னா பாட்டே கவுந்திருக்கும் ஜெமிமா. உங்க மூச்சு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

தயாரிப்பாளர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். தெருவுக்கு வந்தபிறகு, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். ஒரு கிழவர் எனக்குத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார், குளிரில் அழுகிறேன் என்று நினைத்து.

பிப்ரவரி 4, செவ்வாய்

எபிக்குச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்."

"நான் வாசிக்காம எப்படிப் பாடுவ?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல், கவலைப்பட்டுக் கேட்டான். நான் எழுந்து தட்டைக் கழுவினேன்.

மார்ச் 12, புதன்

நியூயார்க். எனக்கென்று ஒரு சின்ன அறை பிடித்திருக்கிறேன். எபி வேறு எங்கோ இருக்கிறான், விலாசம் அம்மாவிடம் இருக்கும். நான் கேட்கவில்லை. சில நாள் காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு அவனைக் கூப்பிட வாய் திறக்கிறேன். பிறகுதான் நினைவு வருகிறது.

நாளைக்கு எனக்கு முதல் ஒத்திகை. ஹானா என்று ஒரு பெண் வாசிக்கிறாளாம். போனில் பேசினாள். "உங்க குரலைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, மன்னிக்கணும்" என்றாள்.

பாடிக் காட்டுகிறேன் என்றேன்.